நிம்ரூத் காளையை இறக்கிய விதம்

ஆஸ்டின் ஹென்றி லேயார்ட் 1839-ல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது சிலோனுக்கு. அங்கே வக்கீல் தொழில் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கொண்டுவிக்கப் போன குடும்பங்களுக்குச் சிலோன் பழகிய ஊர் என்பதால், இதைப் படித்ததுமே அவர் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அவர் கப்பலேறாமல் தரைவழியாக வந்தார். 1840-ல், இன்றைய ஈராக்கில் உள்ள மோசூலுக்கு எதிரே, டைகிரிஸ் கரையில் இருந்த பெரிய மண்மேடுகளைப் பார்த்தார். அந்தப் பயணத்தில் சிலோன் போய்ச் சேரவே இல்லை.

அந்த மேடுகளுக்குள் அசீரியர்களின் தலைநகரங்கள் கிடந்தன. கி.மு. 612-ல் நினிவே அழிந்த பிறகு, பைபிளில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த ஊர்கள். போட்டா என்ற பிரெஞ்சுக்காரர் 1843-ல் கோர்சபாத்தில் ஒரு அரண்மனையைக் கண்டுபிடித்துவிட்டார். லேயார்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த ஆங்கிலேயத் தூதர் கேனிங் தன் சொந்தப் பணத்தில் 60 பவுண்டு கொடுத்தார். 1845 நவம்பரில், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஈட்டியும் துப்பாக்கியுமாகத் தெப்பத்தில் ஏறி, அந்த மேடுகளில் ஒன்றான நிம்ரூத் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் ஆறே ஆட்கள். அன்று இருட்டுவதற்குள் இரண்டு அரண்மனைகளின் சுவர்களைத் தொட்டுவிட்டார்கள்.

நான் காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் அவர் கண்டுபிடித்ததைவிட, அதை எப்படி எடுத்தார் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. மனிதத் தலையும் இறக்கையும் கொண்ட காளை ஒன்று, சுமார் பத்து டன். அறுத்துத் துண்டாக்கிக் கொண்டுபோவது சுலபம். லேயார்ட் ஒத்துக்கொள்ளவில்லை. 1847 மார்ச்சில் அதை முழுசாகச் சாய்த்தார். கீழே எண்ணெய் தடவிய உருளைக் கட்டைகள். மேலே வடங்களைப் பிடித்துக்கொண்டு ஆட்கள். கொட்டும் குழலும் முழங்கிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் இறங்கிய பிறகு வடங்கள் அறுந்தன. காளை விழுந்தது, பிடித்திருந்தவர்கள் மல்லாக்க விழுந்தார்கள். புழுதி அடங்கிப் பார்த்தால், கட்டைகள் மேல் அவர் நினைத்த இடத்திலேயே சேதமில்லாமல் கிடந்தது. கல் தூண் இறக்கும்போது வடம் முறுகுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

வண்டியில் எருமைகளைப் பூட்டினார்கள். பாரம் தெரிந்ததும் அவை நகர மறுத்தன. அப்புறம் 300 பேர் தேர் இழுப்பதுபோல இழுத்து ஆற்றங்கரை சேர்த்தார்கள். அங்கிருந்து ஆட்டுத்தோல்களில் காற்றடைத்துக் கட்டிய தெப்பத்தில் பாஸ்ரா வரை.

எல்லாவற்றையும் அவர் இப்படிக் காப்பாற்றவில்லை. சிற்பப் பலகைகளின் எடையைக் குறைக்கப் பின்பக்கத்தைச் செதுக்கித் தள்ளினார், அங்கேயும் எழுத்து இருந்தது. பிரிட்டிஷ் மியூசியம் கொடுத்த பணம் போதவில்லை, அதனால் சுவரோரமாக மட்டும் தோண்டி, பல அறைகளின் நடுப்பகுதியை மண்ணோடு விட்டுவிட்டார். தீயில் வெந்த பலகைகள் வெளிக்காற்றுப் பட்டதும் உதிர்ந்தன. இதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர் மேல் மதிப்புக் குறையவில்லை. காரணம், அவர் வரைந்தார். காய்ச்சலோடும் தூசியோடும், ஒவ்வொரு பலகையும் எந்த அறையில், எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில் நின்றது என்று வரைந்தும் எழுதியும் வைத்தார். 2015-ல் ஐ.எஸ். தீவிரவாதிகள் நிம்ரூத்தின் வடமேற்கு அரண்மனையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவர் அங்கேயே விட்டுவந்த சிற்பங்கள் பலவும் போயின. அவை நின்ற வரிசையை இன்று சொல்வதற்கு அந்தத் தாள்களும் பிறகு வந்தவர்களின் பதிவுகளும்தான் உதவுகின்றன.

இங்கே எங்கள் தொழிலில் அந்தத் தாள் கிடையாது. பர்மாத் தேக்குத் தூண் ஒரு லாரியில் போகும், நிலைக்கதவு இன்னொரு லாரியில். ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் கஜலட்சுமி நிலை நிற்கும். எந்த ஊர், முகப்பா, இரண்டாம் கட்டா, யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர் கேட்பதும் இல்லை. சாக்பீஸில் நாங்கள் போடும் நம்பர் மறுபடி பொருத்துவதற்கு. பொருத்தி முடித்ததும் துடைத்துவிடுகிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்த பிறகு, அதன் பூ வரிசை அந்த அறையில் எப்படி ஓடியது என்று திரும்பச் சொல்ல முடியாது. இது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

அதனால் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். வீட்டுப் படம் ஒரு பக்கம், தூண் நம்பரும் அளவும் எதிர்ப்பக்கம். வளவு, பட்டாலை, இரட்டை வீடு என்று அறைவாரியாக. போன் கேமரா இருந்தாலும் கையால் வரைகிறேன், வரையும்போதுதான் எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று கண்ணில் படுகிறது. தேவகோட்டைப் பக்கம் அடுத்து ஒரு வீடு பிரிக்க வேண்டும். அளவெடுத்த பிறகுதான் ஓட்டில் கை வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கார ஆச்சி, "அப்படியே எங்க அப்பச்சி உட்கார்ந்து கணக்கெழுதின இடத்தையும் குறிச்சுக்கப்பா" என்றார்கள். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.