கத்தரிப் பூவில் ரீங்காரம் கேட்கிறதா?

கத்தரித் தோட்டத்தில் தேனீ கணக்கெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தலையை எண்ணிக் குறித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எத்தனை வந்தது என்பதைவிட, வந்தது என்ன செய்தது என்பதுதான் கத்தரியில் முக்கியம்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிறவைக்கெல்லாம் மகரந்தம்தான் கூலி, அதுவும் சுலபமாகக் கிடைக்காது. ஐந்தாறு மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பு போலக் கூடி நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் குட்டித் துளை. குலுக்கினால்தான் கொட்டும். தச்சன் வண்டும் (பெயர்தான் வண்டு, உண்மையில் பெரிய தேனீ) நீலப்பட்டைத் தேனீயும் கூம்பைப் பற்றிக்கொண்டு, உடம்பை வளைத்து, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது கேட்பதைவிடக் கீச்சென்ற ஒரு 'ங்ங்ங்'. அடுத்த நொடி வயிற்றில் மஞ்சள் தூள். அதிரும் இசைக்கவையைக் கூம்பில் தொட வைத்தாலும் இதே கூத்து நடக்கும்.

பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கொசுத்தேனீ துளையோரம் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக்கொண்டு, பல நேரம் சூல்முடியை, அதாவது மகரந்தம் பட வேண்டிய பெண் உறுப்பின் நுனியைத் தொடாமலே கிளம்பிவிடும். கத்தரிக்கென்று மட்டும் பெட்டி வாங்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே காலை முதல் நண்பகல் வரை, மணிக்கு ஒருமுறை, அதே செடிகளின் முன் 10 நிமிடம் நின்று மூன்று கட்டம் போட்டு எண்ணிக் குறியுங்கள்: உட்கார்ந்தது, அதிர்ந்தது, சூல்முடியைத் தொட்டது. பின்னங்காலில் மகரந்தம் சுமக்காமல் வயிற்றின் அடியில் அப்பிக்கொண்டு போனால் அது இலைவெட்டித் தேனீக் குடும்பம். குட்டிக் கறுப்புத் தேனீக்களைக் கண்ணால் மட்டும் பார்த்து இனம் சொல்லாதீர்கள். சிலவற்றை வலையில் பிடித்துத்தான் ஆகவேண்டும்.

பலரும் சறுக்குவது சூல்முடியைத் தாங்கும் காம்பான சூல்தண்டில். ஒரே செடியில் சூல்தண்டு நீண்ட நெட்டைப் பூவும், அது குறுகிய குட்டைப் பூவும் இருக்கும். சூல்முடி கூம்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் குட்டைப் பூ, எத்தனை தேனீ வந்தாலும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதைச் சேர்த்து எண்ணி, 'மகரந்தச் சேர்க்கை போதவில்லை' என்று எழுதினால் பழி தேனீமேல் விழும். நெட்டைப் பூவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலரும் முந்தின மாலையே மொட்டுக்கு வலைப்பை கட்டி, மலர்ந்ததும் பாதியைத் தேனீக்கு அவிழ்த்துவிட்டு, மீதியைக் கடைசிவரை அவிழ்க்காமல் விடுங்கள். கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது, காற்று ஆட்டினாலே கொஞ்சம் பிடிக்கும். அவிழ்த்த பூவின் காயையும் அவிழ்க்காததன் காயையும் எடை போட்டு, விதை எண்ணினால்தான் தேனீயின் பங்கு பிரிந்து தெரியும்.

அதிரவிடும் இனங்கள் காணவே காணோம் என்றால் வரப்பைப் பாருங்கள். தச்சன் வண்டுக்குக் காய்ந்த மரமோ மூங்கிலோ வேண்டும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். வரப்பையும் சேர்த்துக் கொத்திவிட்டால் வளையோடு குஞ்சும் போய்விடும். இமிடாகுளோப்ரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்தை, தேனீ வராத மாலையில் அடித்தாலும் தேனீ தப்பாது, மருந்து மகரந்தம் வரைக்கும் போய்ச் சேரும்.