ஃப்ரேம் கடைக்குப் பழைய மெஷின் பார்க்கப் போன கதை

பழையதாக வாங்கிய மவுண்ட் கட்டர், அதாவது ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டையை வெட்டும் கருவி, பரணில் கிடக்கிறது. ஏணி போட்டு ஏறும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, எரிச்சலும் வருகிறது. விற்றவர் மீது கோபமில்லை. காட்டச் சொல்லியிருந்தால் காட்டியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை வைப்பது என்று முடிவானதும் புது மெஷின்களுக்கு விலை கேட்டேன். போனை வைத்த கையோடு, பழையதே போதும் என்று மனம் சமாதானமாகிவிட்டது. தேவைப்பட்டவை நான்கு. மோல்டிங்கை, அதாவது ஃப்ரேமுக்கான நீளச் சட்டத்தை, 45 டிகிரியில் வெட்ட ஒன்று, வெட்டிய மூலைகளை வி ஆணி அடித்துச் சேர்க்க அண்டர்பின்னர், அதற்குக் காற்று கொடுக்க கம்ப்ரஸர், அந்த அட்டையில், அதாவது மவுண்ட் போர்டில், சாய்வு விளிம்போடு ஜன்னல் வெட்ட ஒரு கட்டர்.

முதல் பயணம் முழுக்க வீண். இரண்டு வட்டக் கத்திகளும் ஒரே நேரத்தில் இறங்கி வெட்டும் ரம்ப மெஷின் ஒன்று விற்பனைக்கு இருந்தது. போனில் கேட்டேன், "நல்லா ஓடுது சார், வந்து பாருங்க" என்றார்கள். பாதி நாள் பயணம். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியது, த்ரீ ஃபேஸில். என் கடையில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். மாற்றிக்கொள்ள வழிகள் உண்டு. ஆனால் அந்தச் செலவையும், மரத்தூளை உறிஞ்ச வேண்டிய செலவையும் கூட்டினால் பழையது வாங்குவதன் லாபம் காணாமல் போகிறது. மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். இப்போதெல்லாம் அந்தப் படம் வராமல் செருப்பு மாட்டுவதில்லை.

அடுத்தது, வயதாகிவிட்டதால் தொழிலை விடும் ஒரு பெரியவரின் பட்டறை. கில்லட்டின் (ரம்பமில்லாமல் கத்தியை இறக்கி மோல்டிங் வெட்டும் மெஷின்), அண்டர்பின்னர், கம்ப்ரஸர், மவுண்ட் கட்டர், சுவரோரம் சாய்த்து வைத்த பழைய மோல்டிங் எல்லாம் சேர்த்து ஒரே விலை. "தனித்தனியா பிரிக்க வேண்டாம் தம்பி, மொத்தமா எடுத்துக்கோங்க" என்றார். மொத்த விலை கேட்கக் குறைவாகத்தான் இருந்தது. ஆசை காட்டுவதே அதுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரில், இதை மட்டும் தனியாக விற்றால் வாங்குவேனா என்று எழுதிப் பார்த்தேன். மோல்டிங் முதலில் அடிபட்டது. பாதிக்கு மேல் துண்டுகள், நீளமானவை முறுக்கியிருந்தன. அந்த டிசைன்கள் இப்போது வருவதுமில்லை. அதில் ஒரு ஃப்ரேம் போட்டுக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் இன்னொன்று கேட்டால் என்ன செய்வது?

கில்லட்டின், காலால் மிதித்து வெட்டும் மோர்சோ. டென்மார்க் தயாரிப்பு. மின்சாரமே வேண்டாம் என்பதால் முதல் பயணத்தின் காயத்துக்கு மருந்து மாதிரி இருந்தது. பெரியவர் 15 மில்லிமீட்டர் அகலத்தில் மெத்தென்ற மரத்துண்டு ஒன்றை வெட்டிச் சேர்த்துக் காட்டினார். மூலை கச்சிதம். நல்லவேளை, நான் 60 மில்லிமீட்டர் மோல்டிங் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். ஏன் அகலமானது வேண்டும் என்றால், ஒரு கத்தி 44.5 டிகிரியிலும் மற்றது 45.5 டிகிரியிலும் நின்றால்கூட இரண்டும் சேர்ந்து 90 ஆகிவிடும். மூலைமட்டம் வைத்தால் சரி என்றே காட்டும். ஆனால் வெட்டு முகங்களின் நீளம் ஒத்துப்போகாது. 60 மில்லிமீட்டரில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஒல்லித் துண்டில் தவறு ஒளிந்துகொள்ளும்.

ஒரு மூலையோடு நிறுத்தவும் கூடாது. நான்கு பக்கமும் வெட்டித் தரையில் வைத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு மூலைக்கு எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றும் கால் டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால், மூன்று மூலைகளை இறுக்கி மூடியபின் 2 டிகிரி பிழை மொத்தமும் நான்காவதில் வந்து நிற்கும். பெரியவர் முகம் சுளிக்காமல் எட்டும் வெட்டிக் கொடுத்தார். கோணம் சரியாக இருந்தது. ஆனால் வெட்டின் அடிப்பக்கம் மர நார் நசுங்கியிருந்தது, மேற்பூச்சு பொரிந்து உதிர்ந்தது. கத்தி மழுங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கோணம் தப்பியிருந்தால் நடையைக் கட்டியிருப்பேன். மழுங்கல் என்பது பேரம் பேசக் கிடைத்த காரணம்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதும் மனிதர் பதறிவிட்டார். இரண்டு கத்திகளும் ஜோடி. ஒரே அளவு தேய்த்து, கோணம் மாறாமல் தீட்டத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்தார். எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைத்த இன்னொரு ஜோடி! "இதுவும் அதோட சேர்ந்ததுதான்" என்று கையில் கொடுத்தார். அன்றைக்கு அதுதான் என் வெற்றி. கூடுதல் கத்தி இருக்கிறதா என்று நானாகக் கேட்டிருக்கவே மாட்டேன். நீங்கள் கேளுங்கள்.

அண்டர்பின்னர்தான் மனதைக் கஷ்டப்படுத்தியது. என்னிடமிருந்த கடினமான மரத்தில்கூட ஆணி முழுதாக இறங்கியது, தலை வெளியே நிற்கவில்லை, மூலை பிளக்கவில்லை. ஆனால் அது தனக்கென்று செய்த ஆணிப் பட்டையை மட்டுமே ஏற்கும். அவரிடம் மீதி இருந்தது அரைப் பெட்டி, அதுவும் 10 மில்லிமீட்டர் மட்டும். அங்கிருந்தபடியே ஆணி விற்கும் இரண்டு இடங்களுக்கு போன் செய்தேன். 7, 10, 15 எல்லா உயரத்திலும் ஆணி இருக்கிறது, இந்த மெஷினுக்கு மட்டும் இல்லை. அரைப் பெட்டி தீர்ந்த மறுநாள் அது வெறும் இரும்பு. மெஷின் எத்தனை வருஷம் பழையது என்பதைவிட, அதற்குத் தீனி கிடைக்குமா என்பதுதான் முக்கியம். வேண்டாம் என்றேன்.

கம்ப்ரஸருக்கு அதிக நேரம் ஆகவில்லை. டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்தோம். செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. உள்ளே துருப்பிடித்து எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் பாத்திரத்தில் யூகத்துக்கு இடமில்லை. மூடிவிட்டு நகர்ந்தேன்.

இத்தனை உஷாராக இருந்தவன் கடைசியில் மவுண்ட் கட்டரில் விழுந்தேன். இருட்டிவிட்டது, பசி. இரண்டு பொருளை வேண்டாம் என்று சொன்ன சங்கடம் வேறு. கையகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தேன். மூலைகள் நறுக்கென்று வந்தன, நடுத்துண்டு தானாக விழுந்தது. சரி, இதையும் ஏற்றுங்கள் என்றேன்.

மறுவாரம்தான் முதல் பெரிய போர்டை வெட்டினேன், 80 சென்டிமீட்டர் நீளம். கோடு நடுவில் வில்லாக வளைந்திருந்தது. பிளேடு மாற்றினேன். அடியில் வேறு போர்டு வைத்தேன். தலைப்பகுதியின் திருகுகளை இறுக்கினேன். வளைவு அப்படியே இருந்தது. கடைசியில் எஃகு ஸ்கேலை ஒட்டி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தலை ஓடும் தண்டவாளமே வளைந்திருக்கிறது. எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். கையகல வெட்டில் அந்த வளைவு எப்படித் தெரியும்? கில்லட்டினுக்கு அகலமான கட்டையைத் தூக்கிப் போகத் தெரிந்தவனுக்கு, கட்டருக்கு நீளமான போர்டு ஒன்று எடுத்துப் போகத் தோன்றவில்லை. தண்டவாளம் மட்டும் தனியாக விசாரித்தேன். அந்த மாடலுக்குப் பாகங்கள் வருவதில்லை.

கட்டர் புதிதாக வாங்கினேன். அண்டர்பின்னரும் புதிதுதான், காலால் மிதிப்பது. கம்ப்ரஸர் தேவையே இல்லாமல் போனது. இதை முதலிலேயே யோசித்திருந்தால் பட்டியலில் ஒரு வரி குறைந்திருக்கும். மோர்சோவை இறக்க மூன்று பேர் மூச்சு வாங்கினோம். டிராயர் கத்திகளை மாட்டியதும் முதல் வெட்டே கண்ணாடி மாதிரி வந்தது; பழைய ஜோடி தீட்டப் போய், திரும்பி வந்து எண்ணெயில் தூங்குகிறது.

போன வாரம் ஒருவர் கூப்பிட்டு, பரணில் இருக்கும் கட்டரைக் கொடுப்பீர்களா, வேலை செய்கிறதா என்று கேட்டார். வரும்போது ஒரு மீட்டர் நீளப் போர்டு ஒன்று எடுத்து வாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.