சர்க்கரைப் பொடியும் சில கேள்விகளும்

ஜூன் 4

சாயங்காலம் சித்தப்பா வந்தார். சர்க்கரை நோய்க்கு ஊரில் ஒருவர் இடித்துக் கொடுக்கும் பொடியாம். "ஒரு மண்டலம் சாப்பிடுங்க மதினி, அப்புறம் மாத்திரையே வேண்டாம்" என்று அம்மாவிடம் டப்பாவை நீட்டினார். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு 280 இருந்த சர்க்கரை 130-க்கு இறங்கிவிட்டதாம்.

280 சாப்பிட்ட பிறகு பார்த்ததா, 130 வெறும் வயிற்றில் பார்த்ததா என்று கேட்டேன். தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் பொடி சாப்பிட்டாரா? அதுவும் தெரியவில்லை. மூன்று மாதச் சராசரி என்று லேபில் சொல்வார்களே, எச்பிஏ1சி, அதைப் பார்த்தாரா? அதுவும் இல்லை. அம்மா மேல் உள்ள அக்கறையில்தான் கொண்டுவந்தார். அதனால் பொறுமையாகவே கேட்டேன்.

ஜூன் 5

பொடியோடு பத்தியமும் உண்டு. இனிப்பு கூடாது, ராத்திரி சோறு கூடாது, காலையில் நடக்க வேண்டும். இதைச் செய்தாலே பலருக்குச் சர்க்கரை குறையுமே! குறைத்தது பொடியா, பத்தியமா? பொடி இல்லாமல் அதே பத்தியம் இருந்தவர்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் என்ற ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. டைப் 2, அதாவது அம்மாவுக்கு இருப்பது போல பெரியவர்களுக்கு அதிகம் வரும் வகை, உள்ள ஒரு குழுவுக்கு உணவைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கினார்கள். ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்த குழுவில் 4 சதவீதம்தான். ஆனால் அவர்கள் எல்லாருக்கும் நோய் வந்து ஆறு வருடத்துக்குள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு 15 வருடம் ஆகிறது.

ஜூன் 8

இன்று மனசு பதறிவிட்டது. அதே பொடியை அக்கா மகனுக்கும் கொடுக்கலாம் என்று சித்தப்பா போனில் சொல்லியிருக்கிறார். பையனுக்கு டைப் 1. அவன் கணையத்தில் இன்சுலின் சுரப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "ஊசியை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதே" என்றேன். நிறுத்தவில்லை என்றாள்.

இரண்டு வகைக்கும் ஒரே பொடி என்று சொல்பவருக்கு இந்த நோயைப் பற்றித் தெரியவில்லை. எனக்கு அது ஒன்றே போதும்.

ஜூன் 11

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னென்ன சேர்ந்தது என்று இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, தேதி இல்லை. விற்பனைக்குத் தயாரிக்கும் சித்த மருந்துக்கும் லைசென்ஸ் வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. மூலிகை என்று விற்றவற்றில் ஆங்கில மருந்தைக் கலந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2008-ல் சிங்கப்பூரில் அப்படி விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. சாப்பிட்டவர்கள் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். பொடி தின்ற ஒரே வாரத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கினால் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

ஜூன் 14

"அப்போ மூலிகை எல்லாம் பொய்யா?" என்று அம்மா கேட்டாள். இல்லவே இல்லை. அவள் தினம் போடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் கதையே ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில்தான் தொடங்குகிறது. அந்தச் செடியில் இருந்த பொருள் விஷத்தன்மை உள்ளது. அதைப் போன்ற, ஆனால் பாதுகாப்பான பொருளைத் தேடி, அளவு பார்த்து, ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்து, 1957-ல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் முடிவை வெளியிட்டார்.

சித்த மருந்துதான் வேண்டுமென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கே போகலாம், இப்போது போடும் மாத்திரைச் சீட்டையும் காட்டுவோம் என்றேன். சரி என்றாள். திங்கட்கிழமை போகிறோம், சித்தப்பாவும் வருகிறார். இன்று காலை எச்பிஏ1சிக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். எந்த மருந்தானாலும் அம்மாவின் சிறுநீரகம் தாங்குமா என்று முதலில் தெரிய வேண்டும்.