சேப்பாக்கத்துக்கு ஒரு மூட்டை உளுந்து

ஐபிஎல் டிக்கெட் விலை பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் டிக்கெட்டில் போட்டிருக்கிற தொகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு அது சரி. ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். கும்பகோணத்தை ஒட்டிய வலங்கைமான் பக்கத்திலிருந்து போகிற எங்களுக்கு டிக்கெட் பாதிச் செலவுதான்.

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்கும் மும்பைக்கும் ஆட்டம். நான், வீட்டுக்காரர், மகள், மகன் என நாலு பேர் போனோம். அன்றைக்குச் சேப்பாக்கத்தில் இருந்ததிலேயே குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். மேலே போனால் 7,500 வரை. நாங்கள் வாங்கியது 1,700தான். அதையும் நாங்கள் வாங்கவில்லை, சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி வாங்கிக் கொடுத்தான். விற்பனை தொடங்கிய நிமிஷமே அவனுக்கு முன்னால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் வரிசையில் நிற்பதாகத் திரை காட்டியதாம். எங்கள் ஊர் சிக்னலை நம்பி உட்கார்ந்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

நாலு டிக்கெட் 6,800 ரூபாய். அந்த வருஷம் உளுந்துக்கு அரசு அறிவித்திருந்த ஆதார விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோ மூட்டைக்கு, 7,400. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிட்டு, பனியை நம்பி, பூச்சிக்கு மருந்தடித்து, பங்குனியில் பிடுங்கி அடித்தால் எங்கள் மூன்று மா நிலத்துக்கு இரண்டு குவிண்டால் தேறினால் நல்ல வருஷம். என் மாமியார் கேட்டார்: “ஒரு மூட்டை உளுந்து அந்த வாசல்ல நுழையறதுக்கேவா போச்சு?” எங்கள் வீட்டில் பணம் உளுந்தாகவும் நெல்லாகவும்தான் வருகிறது. அதனால் அவருக்கு அந்தக் கணக்குதான் உடனே வந்தது.

போகிற வழியில் பெரிய செலவில்லை. கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம், விடிகாலை எழும்பூர். ஸ்லீப்பர் தலைக்கு இருநூற்றுச் சொச்சம். பகல் முழுக்க மெரினாவில் பிள்ளைகள் தண்ணீரில் ஆடினார்கள்.

சிக்கல் திரும்புவதில்தான். ஆட்டம் ராத்திரி 7.30க்குத் தொடங்குகிறது. முடிந்து கூட்டம் கலைய பதினொன்றரை ஆகிவிடும். அதற்குள் எழும்பூரிலிருந்து எங்கள் பக்கத்து ரயில்கள் போய்விடும். முன்பு கோயம்பேடு போனால் எந்த நேரத்திலும் கும்பகோணம் பஸ் நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தெற்கே போகிற பஸ்ஸுக்கு அங்கேதான் போக வேண்டும். சேப்பாக்கத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் வயசுப் பெண்ணையும் தூங்கி விழுகிற பையனையும் வைத்துக்கொண்டு கார் பிடித்துப் போவதா? அப்புறம் திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். சாதாரண நாளில் ஆயிரத்து இருநூறாம், அன்றைக்கு 2,500. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு, எங்களுக்கு ஒரு நாள் வேலை போச்சு. பஸ், சாப்பாடு, உள்ளே வாங்கிய தின்பண்டம் எல்லாம் சேர்த்து மொத்தம் 13,000 தாண்டியது.

அந்த ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நூர் அகமது பந்தில் சூர்யகுமார் இறங்கி ஆட, தோனி ஸ்டம்பைத் தட்டிய நொடி என் மகள் கத்திய கத்தல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் பள்ளி அணியில் விக்கெட் கீப்பர். பந்து வராத நேரத்தில் கீப்பர் எங்கே நிற்கிறார், யாருக்குக் கை காட்டுகிறார் என்று ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் கேமரா பந்தோடு போய்விடும். இது மைதானத்தில் மட்டும்தான் கிடைக்கும். இதனால்தான் எனக்கு இந்த விலை மேல் கோபம். நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைகளுக்குத்தான் வாசல் அடைபடுகிறது.

இப்போது இன்னும் ஏறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 40 சதவீதம். ஆயிரம் ரூபாய் டிக்கெட் முன்பு வரியோடு 1,280, இப்போது 1,400. அங்கீகரிக்கப்பட்ட மற்ற விளையாட்டுப் போட்டிகளில் 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு வரியே கிடையாது.

சரி, அணிகளுக்கும் செலவு இருக்கிறது, விலையைக் குறைத்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. அப்போது போட்ட கணக்கில் ஆட்டங்கள் 410. அதாவது ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. அதில் பெரிய பங்கு அணிகளுக்குப் பிரிந்து போகிறது. சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். ஆளுக்கு 3,000 என்று வைத்தாலும் பதினொன்றரைக் கோடிக்குள்தான். ஒரே ஒரு பகுதியில் 4,000 இருக்கைகளை 1,700க்குப் பதில் 300க்குக் கொடுத்தால் குறைவது 56 லட்சம். இவ்வளவு வருகிற இடத்தில் இதைத் தாங்க முடியாதா?

முடியும் என்று மற்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். 2025 பெண்கள் உலகக் கோப்பைக்கு டிக்கெட் 100 ரூபாயிலிருந்து கிடைத்தது. சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு அனுமதி இலவசம். சென்னை ஹாக்கி மைதானம் எழும்பூரிலேயே இருக்கிறது. எங்கள் மாதிரி ரயிலில் வருகிறவர்களுக்கு அதைவிட வசதி வேண்டுமா?

இங்கிலாந்தில் 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள் செய்ததும் எனக்குப் பிடிக்கும். புது ஸ்டாண்டில் டிக்கெட்டை 77 பவுண்டுக்கு ஏற்றப்போவதாகச் சொன்னதும், ஆட்டத்தின் 77வது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். அதே வருஷம், தன் அணியோடு வெளியூர் மைதானத்துக்குப் போகிற ரசிகர்களிடம் டிக்கெட்டுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கத்துக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் முடிவானது. வெளியூரிலிருந்து வருகிறவனுக்குப் பயணச் செலவும் உண்டு என்பதை அங்கே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு புதிதில்லை. மன்னார்குடி பக்கம் வடுவூரில் கபடி பிடிக்காத வீடு குறைவு. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து ஒரு சீசனுக்கு ஒரு முறையாவது பள்ளி அணிகளை அழைத்துப்போய்ச் சேப்பாக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். பள்ளி மூலமாகப் பேர் போட்டு டிக்கெட் கொடுத்தால் கள்ளச் சந்தைக்கும் போகாது.

அப்புறம் இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது. வார இறுதிகளில் மதியம் 3.30க்குத் தொடங்கும் ஆட்டங்கள் சில உண்டு. குறைந்த விலை இருக்கைகளை முதலில் அந்த ஆட்டங்களுக்கு ஒதுக்குங்கள். ஏழரைக்கு முடிந்தால் நிதானமாக ரயிலடிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே ராத்திரி ரயில் ஏறிவிடுவோம். லாட்ஜ் வாடகை 2,500 மிச்சம், பிள்ளைகளும் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.