கரகரப்பைத் தாண்டி வந்த குரல்கள்

அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் வளர்ந்து நம் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இலங்கை வானொலி எப்போதும் தெளிவாகக் கேட்டதில்லை. கொழும்பின் மத்திய அலை, மலையையும் பாறை நிலத்தையும் கடந்து வருவதற்குள் பகலில் மெலிந்துவிடும். இரவில் நிலத்தோடு வரும் அலையும் வானில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்து குரல் பெருகும், தேயும். நடுவே இந்திய நிலையம் ஒன்று புகுந்துகொள்ளும். அப்படியிருந்தும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ட்ரான்சிஸ்டரில் நாடகம் கேட்டவர்களுக்குப் பேசுவது எந்தப் பாத்திரம் என்ற சந்தேகம் வந்ததில்லை.

குரல்வளம் மட்டும் அதைச் செய்யவில்லை. மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி. ஆகவே 4500 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வந்து சேராது. ஸகர, ஷகரங்களின் கூர்மை அங்கேயே போய்விடும். மிஞ்சுவது நெட்டுயிரும், வல்லினத்தின் அடியும், பேச்சின் நடையும்தான். யார் செய்தது, எப்போது, செய்ததா இல்லையா என்பதெல்லாம் தமிழில் வினையின் கடைசி அசைகளில் இருப்பதால், வாக்கிய முடிவில் மூச்சு தளர்ந்தால் பொருளே போய்விடும். நீண்டகாலம் நிலைத்த வானொலிக் கலைஞர்கள் அந்தக் கடைசி அசைக்கு மூச்சை மிச்சம் வைத்தவர்கள்.

எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகம் இதற்கு நல்ல சான்று. மரிக்காருக்கு முஸ்லிம் பேச்சு, அப்புக்குட்டிக்கு யாழ்ப்பாணத் தமிழ், உபாலிக்குச் சிங்களம் தோய்ந்த தமிழ், ஐயருக்குப் பிராமணப் பேச்சு. குரலின் தொனி தேய்ந்தாலும் நடை காட்டிக் கொடுத்துவிடும். 1976 இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. ஐயராக நடித்த பி. எச். அப்துல் ஹமீதைப் 'பாட்டுக்குப் பாட்டு' என்ற பாட்டுப் போட்டி நிகழ்ச்சியால் கடல் கடந்து வாழ்பவர்களும் அறிவார்கள். அவருடைய அறிவிப்பில் ஒவ்வொரு சொல்லும் முழுதாக வந்து விழுவதில் நாடகத்தின் கை இருக்கிறது என்பதே எங்கள் கணிப்பு.

கலையகத்தில் நடிப்பு பாதி காலில்தான். ரிபன் ஒலிவாங்கி முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. ஆகவே இருவர் எதிரெதிரே நின்று பேசுவார்கள். கதவைத் தாண்டிப் போகிறவர் அந்தச் செவிட்டுப் பக்கமாக இரண்டு அடி நகர்வார். சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரம். அலறலுக்குப் பின்வாங்கி முகத்தைத் திருப்ப வேண்டும். இரகசியத்துக்கு நெருங்க வேண்டும். ஆனால் நேராக ஊதினால் பகரம் வெடிக்கும், மிக நெருங்கினால் அடிக்குரல் வீங்கும். பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடிப்பார்கள், தைக்க மாட்டார்கள். எந்த வாக்கியமும் பக்கம் தாண்டக்கூடாது. மூச்சுக்கு இரட்டைக் கோடு, சிறு நிறுத்தத்துக்கு ஒற்றைக் கோடு. நம் ஊர்ச் சாயத் தேநீர் ஒலிப்பதிவுக்கு முன் ஆகாது: துவர்ப்பு நாக்கை ஒட்டவைத்துச் சத்தம் எழுப்பும். வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

ஒலிநாடாக்களை அழித்துவிட்டு மறுபடி பதிவது வானொலி நிலையங்களில் சாதாரணமாக நடந்தது. அதனால் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உங்கள் அலுமாரியில் கிடக்கும், வானொலியிலிருந்து பதிந்த கசெற்றே ஒரு நாடகத்தின் ஒரே பிரதியாக இருக்கலாம். தயவுசெய்து அவற்றை எறியாதீர்கள். முதலில் கசெற்றின் மேல் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் முனைகளையும் உடைத்துவிடுங்கள். மேலே தவறிப் பதிய முடியாது. நீண்ட நாள் கிடந்த நாடா ஒட்டியிருக்கும், ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிடுங்கள். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, நாடா ஓடும்போதே, சகரம் கூர்மையாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் பதிந்தால் குரல் மூடிக்கொள்ளும். பிறகு கணினியில் கூர்மையைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். ஒலியைக் குறைத்துச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத 24 பிட் வேவ் கோப்பாகவே வையுங்கள்.