துப்பாக்கி மசோதாவுக்கு ஆதரவு சொல்ல ஆஸ்டின் போன கதை

டெக்சாஸ் சட்டமன்றக் கமிட்டி முன்பு யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்பது இங்குள்ள நம் ஆட்கள் பலருக்குத் தெரியும். எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

2023 ஏப்ரல் 18. மசோதா எண் 2744. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு குண்டாகச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்குவது, அவ்வளவுதான். 2022-இல் டெக்சாஸின் உவால்டே ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பிய கையோடு கடைக்குப் போய் ரைஃபிள் வாங்கியவன். அப்போது கைத்துப்பாக்கி என்றால் கடையில் 21 ஆகியிருக்க வேண்டும். ரைஃபிளுக்கு 18 போதும். இது என்ன கணக்கு என்று கேட்கத்தான் டாலஸ் பக்கத்து பிளேனோவிலிருந்து தலைநகர் ஆஸ்டினுக்கு நண்பருடன் காரில் கிளம்பினேன்.

முன்கூட்டியே ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்திருந்தேன். "வீட்டிலிருந்தே ஆன்லைனில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள், மதியத்துக்குள் முடிந்துவிடும்" என்றார் எடுத்தவர். இரண்டுமே தப்பு. வீட்டிலிருந்து எழுத்தில் கருத்து அனுப்பலாம். நேரில் பேச வேண்டுமென்றால் கேபிடல் எனும் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போய், அங்குள்ள வைஃபையிலோ கியோஸ்கிலோதான் (பதிவுக்கான கணினித் திரை) பதிய முடியும். வீட்டில் அந்த இணையப் பக்கம் திறக்காமல் மல்லுக்கட்டியதெல்லாம் வீண்.

வாசலில் இன்னொரு வேடிக்கை. நாங்கள் பெல்ட், பையெல்லாம் காட்டி மெட்டல் டிடெக்டர் வரிசையில் நிற்க, துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்கள் அட்டையைக் காட்டிவிட்டுத் தனி வழியில் விறுவிறுவென்று உள்ளே போனார்கள். அதுதான் அங்கே விதி.

உள்ளே காத்திருப்பு. எந்த மசோதா எப்போது என்பது கமிட்டித் தலைவர் கையில். நடுவில் சபை கூடினால் உறுப்பினர்கள் எழுந்து போய்விடுவார்கள். உவால்டே பெற்றோர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பேச அழைத்தபோது இரவு வெகு நேரம் ஆகியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை முதலில் கூப்பிட எந்த விதி தடுத்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நண்பருக்கு மறுநாள் ஆபீஸ், அதனால் நாங்கள் அதற்கு முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. நான் பேசவே இல்லை.

ஆனால் பதிந்தது வீணாகவில்லை. பேசாவிட்டாலும் 'ஆதரவு' என்று சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். பிறகு ஆன்லைனில் தேடிப் பார்த்தேன், இருந்தது. ஆகவே வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் வேலையாகப் பதிந்துவிடுங்கள்.

மே 6 அன்று எங்கள் பக்கத்து ஊர் ஆலன் மாலில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 8 அன்று, யாரும் எதிர்பாராமல், 8-க்கு 5 என்று கமிட்டி மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த இருவர்கூட ஆதரித்தார்கள். சரி, இனி சபையில் வாக்கெடுப்பு என்று நினைத்தால், காலக்கெடு தாண்டிவிட்டது என்று அத்தோடு முடித்துவிட்டார்கள். சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் என்பதால் மறுபடியும் முதலிலிருந்து.

போகிறவர்கள் சாப்பாடு, போன் சார்ஜர், பேசப் போவதன் சுருக்கம் எல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மறுநாளைக்கும் சேர்த்து லீவு போட்டுவிடுங்கள்.