தண்ணியா பிழை?

முதலில் போட்ட மூன்று புள்ளியைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பத்துக்கு மூன்று. அவசரத்தில் திருத்தினேன், பிழை விட்டேன், அவ்வளவுதான். அதே பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்து எட்டுப் போட்டேனே, அதுதான் பதினொரு வருடமாக உறுத்துகிறது.

வற்றுப்பெருக்கு, அதாவது கடல் மட்டம் ஏறி வற்றுவது பற்றிய பாடத்துக்கு நான் கொடுத்த செயற்பாடு இது. பூரணையை ஒட்டிய சனிக்கிழமை, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கடலிலோ ஆற்றிலோ அளவு குறித்த ஒரு கம்பை நட வேண்டும். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மணிக்கொரு தரம் நீர்மட்டத்தை வாசித்து வரைபு கீறிக்கொண்டு வர வேண்டும். ஆறு என்று நான் சொல்வது மட்டக்களப்பு வாவியைத்தான். கொப்பியில் வாவி என்று எழுதுவோம், வாயில் ஆறு என்றுதான் வரும்.

திங்கட்கிழமை முப்பத்துச் சொச்சம் வரைபுகள் மேசைக்கு வந்தன. எல்லாம் அழகு. இரண்டு மேடு, இரண்டு பள்ளம், நிறப் பென்சிலால் நிழல் வேறு. ஒன்றில் மட்டும் ஒரு நேர்கோடு. 41, 41, 41 என்று போய், பின்னேரம் 2, 3, 4 மணிக்கு மட்டும் 42, பிறகு திரும்பவும் 41. கீழே சின்ன எழுத்தில், "கச்சான் காத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கூடினது" என்று ஒரு குறிப்பு. கச்சான் என்பது இங்கே மழையில்லாத காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று.

அவன் வீடு ஆற்றின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், ஆற்றோரம். தகப்பன் தோணிக்காரர். கம்பை நட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பான், பின்னேரம் எழும்பி வாய்க்கு வந்ததை நிரப்பியிருப்பான் என்று நினைத்தேன். மூன்று புள்ளி போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். வகுப்புக்கு முன்னால் அவனது தாளைத் தூக்கிக் காட்டி, "மகன், பூரணையண்டு தண்ணி ஏறாமலும் வத்தாமலும் நிக்குமா?" என்று கேட்டேன்.

அவன் எழும்பி நின்று, "நிண்டது டீச்சர்" என்றான்.

"புத்தகத்தில என்ன இருக்கு?"

"ரெண்டு தரம் ஏறி ரெண்டு தரம் வத்தும்."

"அப்ப?"

கொஞ்சம் யோசித்தான். "அப்ப தண்ணியா பிழை டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. அவன் நக்கலாகக் கேட்டான் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்க்கும்போது அதில் நக்கல் எதுவும் அகப்படவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறான். நான் சொன்ன பதில், "சோதினையில படம் கேட்டா நேர்கோடு கீறிட்டு வருவியா? திரும்பச் செய்துகொண்டு வா."

புதன்கிழமை கொண்டு வந்தான். இரண்டு மேடு, இரண்டு பள்ளம். இடையில் சனிக்கிழமையே வரவில்லை. எங்கே போய் எப்போது அளந்தான் என்று நான் கேட்கவில்லை. எட்டுப் போட்டேன். திருந்திவிட்டான் என்று சந்தோசம் வேறு.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டம் ஓட வேண்டும், தவணைப் பரீட்சை கழுத்தில் நிற்கும். வினாத்தாளில் மட்டக்களப்பு ஆற்றைப் பற்றியா கேட்கப்போகிறார்கள்? சந்திரன் இழுக்கிறது, சந்திரனைப் பார்த்த பக்கமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் நீர் மேடாகிறது, பூமி சுழல அந்த மேடுகளுக்குள் நாம் போய் வருகிறோம் என்றுதான் கேட்பார்கள். அதைச் சரியாக எழுதினால் புள்ளி. அந்தப் புள்ளியை வாங்கிக் கொடுப்பதும் என் வேலைதானே?

இன்னொன்று. கடல் பற்றிய பாடம் என்றாலே அந்த வருடங்களில் நான் வேகமாகத்தான் நடத்துவேன். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுனாமி வந்தபோது நாலைந்து வயது. 2004 டிசம்பர் 26 ஒரு பூரணை நாள். நிலவு, பெருக்கு என்று பலகையில் எழுதினாலே யாராவது ஒரு பிள்ளை, "அண்டைக்கும் பூரணைதானே டீச்சர், நிலாவா இழுத்தது?" என்று கேட்கும். இல்லை, சுமாத்திராக் கடலடியில் நிலம் நடுங்கியதால் வந்தது, அதற்கும் நிலவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். வகுப்பில் யார் யார் வீட்டில் யார் யார் இல்லை என்று எனக்குத் தெரியும். நின்று பேசத் தைரியம் இல்லை. அதனால்தான் அந்த நேர்கோட்டிலும் நான் நிற்கவில்லை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது முழு உண்மையா என்று கேட்டால், இல்லை. அவன் வகுப்பில் வைத்துத் திருப்பிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தவணைப் பெற்றார் கூட்டத்துக்குத் தகப்பன் வந்திருந்தார். புள்ளியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "அண்டைக்கு விடியத்துல இருந்து ஆத்தங்கரையிலேயே கிடந்தான் டீச்சர். தாய் சோத்தக் கொண்டுபோய் அங்கதான் குடுத்த" என்றார், பெருமையாக. நான், "கெட்டிக்காரன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகுதான் இருந்து யோசித்தேன். யோசிக்க எனக்குப் புதிதாக ஒரு தகவலும் தேவைப்படவில்லை என்பதுதான் வெட்கம். அது நடந்தது ஆடி மாதம். மழையில்லாத காலத்தில் பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுவார்கள். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான ஆறு, கடலுக்குப் போகிற வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது, கடல் ஏறினால் என்ன, வற்றினால் என்ன? அதன் மட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மழையும் வெயிலும் காற்றும்தான். பின்னேரக் கச்சான் மேற்கிலிருந்து அடிக்க, எழுவான்கரைப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் ஒதுங்கும். ஒரு சென்ரிமீற்றர். அதையும் அந்தப் பிள்ளை எழுதியிருந்தான்.

சரி, மற்ற வரைபுகள்? ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையில் கிட்டத்தட்ட 12 மணி 25 நிமிடம் போகும். பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் சந்திரனும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால்தான் பெருக்கு நாளுக்கு நாள் 50 நிமிடம் போலப் பிந்துகிறது. இதை அதே பலகையில் நானே எழுதிப் போட்டிருந்தேன். அப்படியானால் காலை 9 மணிக்கு ஒரு மேடும் பின்னேரம் 3 மணிக்கு இன்னொரு மேடும் எப்படி வரும்? வந்திருந்தன, ஏழெட்டுத் தாள்களில். கல்லடிக் கடலில் பக்கத்துப் பக்கத்தில் அளந்ததாகச் சொன்ன இரண்டு பேரில் ஒருவருக்குப் பெருக்கு வந்த நேரத்தில் மற்றவருக்கு வற்று. சிலருக்குத் தண்ணீர் ஒன்றரை மீற்றர் ஏறியிருந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீற்றர் வரை ஏறும்தான், ஆனால் நமது தீவைச் சுற்றிப் பூரணை, அமாவாசையிலும்கூட வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடாது. அத்தனைக்கும் ஒன்பது, பத்து என்று அள்ளிக் கொடுத்திருந்தேன்.

பிறகு ஒரு பூரணையன்று நானே கல்லடிக் கடலுக்குக் கம்போடு போனேன். அலை வந்து வந்து போக, எந்தக் கோட்டை வாசிப்பது? பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டேன். அடியில் சின்னத் துளை போட்ட எஸ்லோன் (பிளாஸ்டிக்) பைப்பை நட்டு, அதற்குள் நிற்கிற தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். அலை உள்ளே ஆட்டாது, மெல்ல ஏறி இறங்குவது மட்டும் தெரியும். துறைமுகங்களில் வற்றுப்பெருக்கை அளந்து வந்ததும் இந்த முறையில்தான். நான் பிள்ளைகளுக்கு வெறும் கம்பைக் கொடுத்தேன். அந்தக் கம்பை வைத்துச் சரியாக அளக்கக்கூடிய இடம் அசையாத ஆறு ஒன்றுதான்.

புத்தகமும் ஒன்றும் பொய் சொல்லவில்லை, நிலம் இல்லாமல் முழுக்கத் தண்ணீரான ஒரு பூமியைப் பற்றிப் பேசுகிறது. கண்டங்கள் குறுக்கே நிற்க, ஒவ்வொரு கடலும் தன் ஆழத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்றபடி ஆடுகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புமா? சிலது குழம்பும்.

அவன் சாதாரண தரப் பரீட்சையில் புவியியலுக்கு நல்ல பெறுபேறுதான் எடுத்தான், படத்தைப் புத்தகத்தில் இருந்தபடியே கீறியிருப்பான். பார் டீச்சர் சொன்னது சரிதானே என்று ஒரு மனம் சொல்கிறது. பிறகு எங்கே போனான் என்று தெரியவில்லை. கண்டாலும் என்ன சொல்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும், பெயர் சொல்லாமல், இந்தக் கதையை வகுப்பில் சொல்கிறேன். கண்டதை எழுதுங்கள், நேர்கோடு வந்தால் நேர்கோடுதான், புள்ளி குறையாது என்கிறேன். அதே மூச்சில், பரீட்சையில் மட்டும் புத்தகப் படத்தைக் கீறுங்கள் என்றும் சொல்கிறேன்.

இந்த வருடம் பாடத்தை மாரி முடிகிற காலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஒன்பது பிள்ளைகள் நேர்கோடு கொண்டு வந்திருக்கிறார்கள். ஒன்பதிலும் பின்னேரம் ஒரு சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது, ஒன்பதிலும் கச்சான் காற்று என்று குறிப்பு. மாரியில் ஏது கச்சான்? அதில் ஒரு பிள்ளையின் வீடு பாலமீன்மடுவில். போன மாதம்தான் அங்கே முகத்துவாரம் வெட்டினார்கள், இன்னும் மூடவில்லை.

தாள்கள் மேசையில் கிடக்கின்றன. இன்னும் ஒன்றுக்கும் புள்ளி போடவில்லை. எஸ்லோன் பைப் ஒன்று வெட்டித் துளை போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடிய அந்தப் பிள்ளையின் வீட்டுப் பக்கம் போக வேண்டும்.